ஸ்டாலின்கிராடில் வென்றது குளிர் மட்டுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப்போரின் திருப்புமுனைகள் பற்றிய கட்டுரையில், ஸ்டாலின்கிராடில் ஜெர்மனி தோற்கக் கடுங்குளிரே காரணம் என்று ஒரே வரியில் முடித்திருக்கிறீர்கள். அந்தக் குளிர் சோவியத் வீரர்களையும்தான் வாட்டியது. என் பார்வையில், ஜெர்மனியின் 6-வது படையை வீழ்த்தியது வழங்கல் கணக்கு.

1942 நவம்பர் 19 அன்று சோவியத் படைகள் நகருக்குள் மோதவில்லை; வடமேற்கே, டான் ஆற்றங்கரையைக் காத்துநின்ற, ஜெர்மனியின் கூட்டாளியான ருமேனியாவின் 3-வது படையைத் தாக்கின. அதனிடம் பெரும்பாலும் இருந்த 37 மி.மீ. பீரங்கிகளால் டி-34 டாங்கியின் முன்கவசத்தைத் துளைக்க முடியாது. மறுநாள் தெற்கிலும் தாக்குதல். 23-ஆம் தேதி இரு சோவியத் அணிகளும் நகருக்கு மேற்கே கலாச் என்ற ஊர் அருகே கைகோத்தன. 6-வது படை உட்பட இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வளையத்துக்குள் சிக்கினர்.

விமானம் மூலம் உணவும் வெடிபொருளும் தருவதாக ஜெர்மன் விமானப்படைத் தலைவர் கோரிங் உறுதியளித்தார். நாளொன்றுக்குக் குறைந்தது 300 டன் வேண்டும். ஜெர்மனியின் ஜங்கர்ஸ் 52 சரக்கு விமானம் ஒரு நடைக்குச் சுமக்கக்கூடியது ஏறத்தாழ 2 டன். அப்படியானால் தினமும் 150 நடை பத்திரமாகத் தரையிறங்க வேண்டும்! உறைந்த என்ஜின்கள், மூடுபனி, சோவியத் போர்விமானங்கள் எல்லாம் சேர, சராசரியாகப் போய்ச் சேர்ந்தது 100 டன்னைச் சற்றே தாண்டியது. டிசம்பர் 24 அன்று, இந்தச் சரக்கு விமானங்கள் புறப்பட்ட தத்சின்ஸ்காயா விமானத்தளத்துக்குள்ளேயே சோவியத் டாங்கிகள் புகுந்தன. ஜனவரி 16-இல் வளையத்துக்குள் இருந்த பிட்டோம்னிக் தளமும் பறிபோனது. 1943 பிப்ரவரி 2-இல் எஞ்சியவர்களும் சரணடைந்தனர்.

இந்த விமானத்தளங்களைக் குறித்த வரைபடம் ஒன்றை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்