பொழுதுபோக்கு என்று எழுதிவிட்டீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் எங்கள் குன்றடியில் மான்கள் தண்ணீர் குடிக்கும் படம் வந்திருந்தது. நல்ல படம். அதன் கீழே, 'இப்பகுதியைச் சேர்ந்த சிலர் பொழுதுபோக்காகத் தொட்டிகளில் தண்ணீர் நிரப்பி வருகின்றனர்' என்று ஒரு வரி. 'பொழுதுபோக்காக' என்ற அந்த ஒரு சொல்லைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை.

அதே பக்கத்தின் வலது ஓரத்தில் அமெரிக்காவைப் பற்றி ஒரு செய்தி. கலிபோர்னியா, அரிசோனா பாலைவனங்களில் வாழும் பெருங்கொம்பு ஆடுகளுக்காக, மலைச்சரிவில் வழியும் மழைநீரைத் தொட்டியில் பிடித்து வைத்திருக்கிறார்கள். கோடைக்கு முன்னால் தன்னார்வலர்கள் போய்ப் பழுதுபார்க்கிறார்கள் என்று. அதற்கு 'அரும்பணி' என்று தலைப்பு. அது அரும்பணிதான், எனக்குச் சந்தேகமே இல்லை. பாதை இல்லாத மலையில் குழாயையும் சிமெண்டையும் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்னவென்று கொஞ்சம் எனக்கும் தெரியும். ஆனால் ஒரே பக்கத்தில், ஒரே வேலைக்கு, அங்கே ஒரு பெயரும் இங்கே ஒரு பெயரும் வைத்திருக்கிறீர்களே, ஐயா. இருபது வருஷமாகச் சந்தா கட்டிப் படிக்கிறவன் என்ற உரிமையில் கேட்கிறேன்.

நான் மோட்டார் காயில் கட்டுகிறவன். எங்களோடு ஒரு பால்காரத் தம்பி, டிராக்டர் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர், கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர். நாலு தொட்டி. புதனும் ஞாயிறும் 5000 லிட்டர் டேங்கரை மண்பாதையில் கொண்டுபோகிறோம். தண்ணீர் ஊற்றுவது வேலையில் கடைசிப் பகுதிதான். முதலில் பழைய தண்ணீரை இறைக்க வேண்டும். தேங்காய் நாரை வைத்துப் பாசியைத் தேய்க்க வேண்டும், பிளீச்சிங் பவுடர் ஆகாது. காட்டுப்பன்றி இறங்கிப் புரண்டிருந்தால் அரை நாள் சேறு அள்ளுவதிலேயே போய்விடும். அணில் கடித்த குழாயை ஒட்ட வேண்டும். அப்புறம் ஒரு சாக்குத்துணியை, ஒரு முனை தண்ணீரிலும் ஒரு முனை வெளியிலுமாகப் போட்டுவிட்டு வர வேண்டும். இல்லாவிட்டால் மறுநாள் தேனீக்கள் தொட்டி முழுக்கச் செத்து மிதக்கும். இதையெல்லாம் படம் எடுக்க வந்த உங்கள் நிருபரிடம் சொன்னேன். தம்பி தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

இந்த வேலையை நாங்கள் எதனால் தொடங்கினோம் என்றும் அவரிடம் சொன்னேன். கங்கைகொண்டான் தாங்கள் அறியாத ஊர் இல்லை. 2013-இல் புள்ளிமான் சரணாலயமாக அறிவித்தார்கள், மொத்தமே சுமார் 288 ஹெக்டேர். பக்கத்திலேயே மதுரை நாலுவழிச் சாலை. மானுக்கு எல்லைக்கல் தெரியாது, தாகம் எடுத்தால் வெளியே வரும். ஆறு வருஷத்துக்கு முன்னால், கடை திறக்கப் போகும் நேரம், சாலையோரத்தில் ஒரு பெட்டை மான் அடிபட்டுக் கிடந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். மூக்கிலும் உதட்டிலும் காய்ந்த களிமண் அப்பியிருந்தது. பக்கத்துக் குளத்தில் போய்ச் சேற்றை முகர்ந்து பார்த்துவிட்டு, தண்ணீர் இல்லை என்று சாலையைத் தாண்டி வந்திருக்கிறது. அந்தக் களிமண் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அந்தக் குளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் சிறுவனாக நீந்திய குளம். இன்று உள்ளே சீமைக்கருவேலம். வரத்துக்கால் இருந்த இடத்தில் கட்டடக் கழிவு. தூர்வாரியதாகப் பலகை இருக்கிறது. இதைப் பற்றி உங்களுக்கு இரண்டு முறை எழுதினேன், வரவில்லை. இடப் பற்றாக்குறை என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டேன்.

மூன்றாவதாக எழுதியது தொட்டியைப் பற்றி. எங்கள் பக்கத்தில் ஒரு ஒப்பந்ததாரர் விலங்குகளுக்கென்று தொட்டி கட்டினார். மூன்றடிச் சுவர், உள்ளே வழவழவென்று பூச்சு. குட்டி மானுக்குத் தண்ணீர் எட்டாது. எட்டிப் பார்த்து உள்ளே விழுந்த கீரியும் உடும்பும் ஏற முடியாமல் செத்தன. ஐந்து கீரிகளை நானே என் கையால் எடுத்துப் புதைத்திருக்கிறேன். தொட்டி தரையோடு தரையாக இருக்க வேண்டும், ஒரு பக்கமாவது சரிவு வேண்டும், உள்ளே கரடுமுரடாகக் கல் அடுக்க வேண்டும். எல்லாம் விவரமாக எழுதியிருந்தேன். அதுவும் வரவில்லை. அந்தத் தொட்டிக்குள் கல் அடுக்க அனுமதி வாங்க மட்டும் ஓர் அலுவலகத்தில் மூன்று நாள் காத்துக் கிடந்தேன். நாலாம் நாள், 'உங்களுக்கு வேறு வேலை இல்லையா' என்று கேட்டார்கள். உங்கள் வரியைப் படித்ததும் அந்தக் குரல்தான் மறுபடியும் காதில் விழுந்தது.

உங்கள் நிருபர் எழுதிய இன்னொன்றும் சரியில்லை. 'அக்னி நட்சத்திரம் முடியும்வரை இப்பணி நடக்கும்' என்கிறார். ஆனியில் குற்றாலத்தில் சாரல் விழுந்தால் திருநெல்வேலி முழுக்கக் குளிர்ந்துவிட்டது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கலாம், நீங்கள் நினைக்கலாமா? மலை அந்த மழையை மேற்கிலேயே வாங்கிக்கொள்கிறது. எங்கள் பக்கம் வருவது வெறும் காற்று. ஆடிக்காற்றில் தொட்டித் தண்ணீர் வெயிலில் வற்றுவதைவிட வேகமாக வற்றும். ஐப்பசி மழை விழும்வரை எங்களுக்குக் கோடைதான். கத்திரி முடிந்ததும் மோர்ப்பந்தலைப் பிரிப்பதுபோல எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். மானுக்கு மிக மோசமான மாதங்கள் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

சொல் பெரிய விஷயமா என்று தாங்கள் கேட்கலாம். பெரிய விஷயம்தான். அம்பாசமுத்திரம், கடையம் பக்கம் மலையடிவாரத்தில் கரடி இறங்கினால் 'ஊருக்குள் புகுந்து அட்டகாசம்' என்று போடுகிறீர்கள். அதைப் படித்தவன் கையில் கல்லைத்தான் எடுப்பான். கூந்தன்குளத்து மக்கள், 1994-இல் அது பறவைகள் சரணாலயம் ஆவதற்கு முன்பிருந்தே நாரைகளையும் கூழைக்கடாக்களையும் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி காத்து வருகிறார்கள். பறவை கலைந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை. அதை யாராவது பொழுதுபோக்கு என்று சொல்வார்களா? முப்பத்திரண்டு அறங்களில் தண்ணீர்ப்பந்தலும் இருக்கிறது, விலங்கிற்கு உணவும் இருக்கிறது, மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள நட்டுவைக்கும் ஆவுரிஞ்சுதறியும் இருக்கிறது. வாயில்லாச் சீவனுக்கு முதுகு அரிக்குமே என்று யோசித்துக் கல் நட்ட ஊர் இது.

எல்லாவற்றையும்விட என்னைப் பயப்பட வைத்தது ஒன்று உண்டு. படத்தின் கீழே குன்றின் பெயரையும் பாதையையும் அப்படியே போட்டுவிட்டீர்கள். கோடையில் மான் எங்கே வரும் என்று தெரிந்தால் போதும், சுருக்குக் கம்பி வைக்கிறவனுக்கு அலைச்சல் மிச்சம். செவ்வாய்க்கிழமை இரவு தொட்டிப் பக்கம் டார்ச் வெளிச்சம் தெரிந்ததாக ஆட்டுக்காரப் பெரியவர் சொன்னார். அன்றிலிருந்து பையன்கள் இரண்டு பேரும் முறைவைத்துக் காவல் இருக்கிறார்கள். ஒருவனுக்கு அடுத்த வாரம் பரீட்சை. வனக்காவலரிடமும் சொல்லியிருக்கிறோம். அதனால்தான் இந்தக் கடிதத்தில் குன்றின் பெயரை எங்கேயும் எழுதவில்லை. தாங்களும் சேர்க்க வேண்டாம்.

நான் கேட்பது இவ்வளவுதான். அந்தச் சொல்லைத் திருத்தி, அடுத்த ஞாயிறு இரண்டு வரி போடுங்கள். இனி இப்படிப் படம் போட்டால் இடத்தைச் சொல்லாதீர்கள். இன்னொன்று: டேங்கர் போக முடியாத மேல்தொட்டிக்குத் தண்ணீர் கொண்டுபோக, ஒன்றரை அங்குல ஹோஸ் 300 அடி வேண்டும். இப்போது குடத்தில்தான் சுமக்கிறோம். வாசகர் யாரிடமாவது பழையது கிடந்தால்கூடப் போதும், ஓட்டை இருந்தால் நானே ஒட்டிக்கொள்வேன். ஆடிக்காற்று எழும்புவதற்குள் கிடைத்தால் நல்லது. என் முகவரி உங்கள் சந்தாப் பட்டியலில் இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
திருநெல்வேலி மாவட்டம்.