சித்தப்பாவுக்கு, அந்தக் கை நடுக்கம் பற்றி

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

போன ஞாயிறு செவ்வாய்ப்பேட்டைப் பட்டறைக்கு வந்திருந்தேனே, அப்போது நீங்கள் கொலுசுக்கு முத்து வைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தீர்கள். இடுக்கியிலிருந்து முத்து இரண்டு தடவை நழுவி விழுந்தது. மூன்றாவது தடவை நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "வெளிச்சம் பத்தல" என்று எழுந்து போய்விட்டீர்கள். தலைக்கு மேலேயே ட்யூப்லைட் எரிந்துகொண்டிருந்தது சித்தப்பா.

நேரில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள், அதனால்தான் எழுதுகிறேன். நரம்புத் தளர்ச்சி என்று யாரோ சொல்லி லேகியம் வாங்கி வைத்திருப்பதாகச் சித்தி சொன்னார். அதை மூடி வையுங்கள். எல்லார் கையிலும் கண்ணுக்குத் தெரியாத நடுக்கம் கொஞ்சம் உண்டு. தூக்கம் கெட்டால், பசித்தால், பதற்றப்பட்டால் அது வெளியே தெரியும். நீங்களோ முகூர்த்த ஆர்டர் என்று ராத்திரி ஒரு மணி வரை உட்கார்ந்து, ஏற்காட்டுக் காபியை ஐந்து டம்ளர் குடிக்கிறீர்கள். இதற்கு மேல் வீசிங்குக்கு எடுக்கும் சால்ப்யூட்டமால். அதுவும் விரலை நடுங்க வைக்கும். அதற்காக நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், டாக்டரிடம் கேளுங்கள்.

எனக்கும் போன வருஷம் கை நடுங்கியது, நெஞ்சு படபடத்தது, நன்றாகச் சாப்பிட்டும் எடை குறைந்தது. வேலை டென்ஷன் என்று மூன்று மாசம் ஓட்டினேன். கடைசியில் ரத்தப் பரிசோதனையில் தைராய்டு அதிகம் என்று தெரிந்தது.

நீங்கள் பயப்படுவது எதற்கென்று தெரியும்: பார்க்கின்சன் என்கிற நடுக்குவாத நோய். அதில் பெரும்பாலும் கை மடியில் சும்மா இருக்கும்போதுதான் நடுங்கும், அதுவும் முதலில் ஒரு பக்கம். நடை மெதுவாகும், கையெழுத்து சின்னதாகிக்கொண்டே போகும். உங்கள் கை மடியில் இருந்தவரை ஆடவில்லை, இடுக்கியைத் தூக்கியதும்தான் ஆடியது. தாத்தா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடிப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? குடும்பத்தில் வழிவழியாக வரும் நடுக்கம் ஒன்று உண்டு, அது இப்படித்தான் வேலை செய்யும்போது தெரியும். ஆனால் பத்து நிமிஷம் பார்த்துவிட்டு நான் சொல்வதை வைத்து இன்ன நோய் என்று முடிவு செய்ய முடியாது. அந்த நடுக்கத்துக்குப் பொதுவாகக் கொடுக்கும் ப்ரோப்ரனலால் மாத்திரையை யாராவது சிபாரிசு செய்தாலும் வாங்கிப் போட்டுவிடாதீர்கள், வீசிங் இருப்பவர்களுக்கு அது ஆபத்து.

இன்னொன்று. என்றைக்காவது திடீரென்று ஒரு கை மரத்து, வாய் கோணி, பேச்சு குழறினால் பட்டறையைப் பூட்டிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே 108. பக்கவாதத்தில் ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

மற்றபடி இது அவசரம் இல்லைதான், ஆனால் வேலைக்கே இடைஞ்சலாகிவிட்டதே, இனித் தள்ளிப்போட முடியாது. வியாழன் எனக்கு லீவு, காலை ஒன்பதுக்கு வண்டியோடு வருகிறேன், டாக்டரிடம் போகலாம். இன்ஹேலர், மாத்திரைகள், அந்த லேகியம் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு வையுங்கள். பழைய ஆர்டர் நோட்டும் ஒன்று வேண்டும், கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்க. முத்து வைக்கும்போது சித்தியை போனில் ஒரு வீடியோ எடுக்கச் சொல்லுங்கள், டாக்டர் முன்னால் கை சமர்த்தாக இருந்துவிடும். பட்டறையில் என்னென்ன உலோகம் உருக்குகிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், ஈயம், பாதரசம் மாதிரி சிலவற்றுக்கும் கை நடுங்கும்.

அதுவரை காபி இரண்டு டம்ளர் போதும். சித்தியிடமும் சொல்லிவிட்டேன்.