உட்கார வைத்ததால் வந்த முதுமை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீண்ட நாள் இளமையோடு வாழ வைப்பதாகச் சொல்லப்படும் மாத்திரைகள், ஊசிகள், சத்துப் பொடிகள் பற்றிய கட்டுரைகளும் விளம்பரங்களும் அண்மைக் காலமாக நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் இடைப்பட்ட கடற்கரை ஊர்களில் 31 ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். இப்போது எனக்கு 68 வயது. அந்தக் கட்டுரைகள் தொடாமல் விட்ட ஒன்றை, என் வீட்டில் நடந்ததை முன்வைத்துச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் பகுதி முதியவர்கள் படுக்கையில் விழுவதில், வயதுக்கு இருக்கும் பங்கைவிட, 'வயதாகிவிட்டது' என்று சொல்லி நாம் அவர்களை உட்கார வைத்துவிடுவதற்கு இருக்கும் பங்கு பெரிது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

என் அம்மா முப்பது வயதிலிருந்து கடலில் பாசி எடுக்கப் போனவர். விரல் ஒவ்வொன்றிலும் துணிக் கிழிசலைச் சுற்றிக் கட்டி, சேலைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, இடுப்பில் வலைப்பையோடு, நீரில் நாலைந்து மணி நேரம் மூழ்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பறித்து வருவார். அவருக்கு 64 வயது ஆனபோது என் தம்பிகள் இருவரும் நானும் சேர்ந்து, "போதும்மா, இனிமே வீட்டுல சிவனேன்னு இருங்க" என்று சொல்லி நிறுத்தினோம். அன்பினால்தான் சொன்னோம். திண்ணையில் கடலைப் பார்த்தபடி ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டோம். குடிக்கிற தண்ணீர்கூடக் கைக்கு வந்தது. அம்மாவின் நீச்சல் கண்ணாடி அடுப்படி ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்தது.

முதல் ஆண்டில் உடம்பு கொஞ்சம் பூசியது. நல்ல ஓய்வு என்று மகிழ்ந்தோம். இரண்டாம் ஆண்டில், தரையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்துவிட்டு எழும்போது ஒரு கையைச் சுவரில் ஊன்றத் தொடங்கினார். பிறகு ஒரு கை சுவரிலும் மறு கை முழங்காலிலுமாக, மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. அதற்கும் பிறகு தரையில் உட்காருவதையே விட்டுவிட்டார். ஊரில் எத்தனையோ பேருக்கு இரத்த அழுத்தம் பார்த்துக் குறித்து வைத்த நான், என் வீட்டுத் திண்ணையில் நடந்த இதைப் பார்த்துக்கொண்டே "வயசாச்சுல்ல" என்று சொல்லிக் கடந்து போனேன். ஒரு நாள் பின்னிரவில், வெளியில் இருந்த கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. பதினொரு மாதம் படுக்கையில் கிடந்து, 69 வயதில் இறந்துபோனார். அவரோடு பாசி எடுத்த பெரியம்மா ஒருவர், அம்மாவைவிட மூன்று வயது மூத்தவர், அப்போதும் தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துக் கரையோரமாக இறங்கிக்கொண்டிருந்தார்.

இந்த இருவரை மட்டும் வைத்து நான் பேசவில்லை. அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 1966-இல் இருபது வயதுள்ள ஐந்து ஆரோக்கியமான இளைஞர்களை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்க வைத்து, அதற்கு முன்னும் பின்னும் அவர்களுடைய உடல் உழைப்புத் திறனை மருத்துவர்கள் அளந்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து, ஐம்பது வயதில், அதே ஐவரையும் தேடிப் பிடித்து மீண்டும் அளந்தபோது, முப்பது ஆண்டு முதுமை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டதைக் காட்டிலும் அந்த மூன்று வாரப் படுக்கை எடுத்துக்கொண்டதே அதிகம் என்று தெரிந்தது. அதன்பின் ஆறு மாதம் முறையாகப் பயிற்சி செய்ததில், வயதால் குறைந்திருந்த அந்தத் திறன் இருபது வயதில் இருந்த நிலைக்கே திரும்பியது. ஓய்வுக்குப் பிறகு இதைப் படித்த நாளில் எனக்கு அம்மாவின் நாற்காலிதான் கண்முன் வந்தது.

இதற்கான காரணம் எளிதில் விளங்கக் கூடியதுதான். முப்பது வயதைத் தாண்டியபின் பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் வரை நம் தசை குறைகிறது. அறுபதுக்குமேல் அந்தத் தேய்மானம் இன்னும் விரைவாகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் எலும்பின் அடர்த்தியும் சேர்ந்து குறைகிறது. தொடையும் இடுப்பும் வலுவாக இருக்கும்வரை, கால் இடறினாலும் உடம்பு தன்னைப் பிடித்து நிறுத்திக்கொள்ளும். அந்த வலு போனபின், இடறுகிறவர் விழுகிறார், விழுகிறவரின் எலும்பு முறிகிறது. தசையோ வேலை கொடுத்தால் மட்டுமே தங்குவது. அதற்கு வயது வரம்பும் இல்லை. 1990-இல் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லத்தில் இருந்த 90 வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைகளுக்கான எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. தொண்ணூறு வயதில் கூடியது அறுபத்தைந்தில் கூடாதா?

இராமேசுவரத்தில் 102 வயது வரை வாழ்ந்த அப்துல் கலாம் அவர்களின் தந்தை, அறுபது வயதைக் கடந்தபின்னும் அதிகாலைத் தொழுகை முடிந்ததும் நான்கு மைல் தொலைவிலிருந்த தென்னந்தோப்புக்கு நடந்து போய், தேங்காய்களைத் தோளில் சுமந்து திரும்புவார் என்று கலாம் அவர்களே எழுதியிருக்கிறார். ஒருவரின் வாழ்க்கையைக் கொண்டு எல்லாருக்கும் விதி எழுத முடியாதுதான். ஆனாலும் நடையும் சுமையும் சேர்ந்த அந்த அன்றாட வழக்கம், இன்றைக்கு மருத்துவர்கள் சொல்லும் பயிற்சிக்கு மிக நெருக்கமானது.

அதற்காக, முதியவர்கள் சாகும்வரை கடலிலும் உப்பளத்திலும் உழைக்க வேண்டும் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பாசி எடுக்கும் பெண்களின் கைகால்களைப் பாறை எப்படிக் கிழிக்கும் என்பதையும், பனையேறிகளின் முழங்கால்களையும், வெயிலும் உப்புக்காற்றும் பட்டுப் பட்டுச் சதை வளர்ந்த கண்களையும் முப்பது ஆண்டுகளாகப் பார்த்தவள் நான். வயிற்றுப்பாட்டுக்காகச் செய்யும் கடும் உழைப்பு உடம்பைத் தேய்க்கிறது. அதிலிருந்து அவர்களுக்கு விடுதலை வேண்டும். அந்த உழைப்பை நிறுத்தும் நாளில், அதன் இடத்தில் அளவான வேறொரு வேலையை உடம்புக்குக் கொடுக்காமல் வெறும் நாற்காலியைக் கொடுப்பதைத்தான் தவறு என்கிறேன். அம்மாவிடமிருந்து நாங்கள் பறித்தது உழைப்பை மட்டுமா என்றும் இப்போது யோசிக்கிறேன். விடியும் முன்பே கூப்பிட வரும் பத்துப் பெண்களும், போகும் வழியெல்லாம் நடக்கும் பேச்சும், பாசி விற்ற காசைத் தன் சுருக்குப்பையில் முடிந்து வைக்கும் நிறைவும் அதோடு போயின.

சாப்பாட்டிலும் இதே தவறு நடக்கிறது. மீன் விளையும் கரையில், முதியவர்களின் தட்டில்தான் மீன் குறைவு. கடலுக்குப் போகும் மகனுக்கு நடுத்துண்டு, பள்ளிக்கூடம் போகும் பேரனுக்கு அடுத்தது, பாட்டிக்குக் கஞ்சியும் குழம்பும் என்பதே வழக்கம். பாட்டியும் அதைத் தானே விரும்பி ஏற்றுக்கொள்வார். 50 கிலோ எடையுள்ள முதியவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 50 கிராம் புரதம் இருந்தால் நல்லது; சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு அளவை முடிவு செய்ய வேண்டும். நூறு கிராம் சாளையில் சுமார் 20 கிராம் புரதம் இருக்கிறது, விலையும் கைக்கு எட்டக்கூடியது. நெத்திலியை முள்ளோடு மென்று தின்றால் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். 'நொறுங்கத் தின்றால் நூறு வயது' என்று நம் முன்னோர் சொன்னார்கள், ஆனால் நொறுங்கத் தின்பதற்குப் பல் வேண்டுமே. கடைவாய்ப் பல் போனவர்கள் முதலில் மீனையும் பயறையும் ஒதுக்கி, பிறகு கரைத்த சோற்றில் நின்றுவிடுவதை வீடு வீடாகப் பார்த்திருக்கிறேன். பல்செட் கட்டுவதை அழகுக்கான செலவாக நினைத்துத் தள்ளிப் போடும் குடும்பங்கள், அது தசைக்கும் எலும்புக்குமான செலவு என்று உணர வேண்டும்.

கருவாட்டின் உப்பைப் பற்றியும், வெற்றிலையோடு போடும் புகையிலையைப் பற்றியும் தங்கள் வாசகர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. தலைசுற்றல் நின்றுவிட்டது என்று இரத்த அழுத்த மாத்திரையைத் தாமாகவே நிறுத்துகிறவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: மாத்திரை சாப்பிடுவதால்தான் அழுத்தம் அடங்கியிருக்கிறது. விசைப்படகில் என்ஜின் சத்தத்தினூடே ஆண்டுக்கணக்கில் இருந்து காது மங்கிப் போனவர்களையும் குடும்பத்தார் கவனிக்க வேண்டும். நடுவயதில் காது மந்தமாவது பின்னாளில் நினைவு மங்கும் நோய்க்கு ஒரு காரணமாகிறது என்று மருத்துவ ஆராய்ச்சிகள் சொல்கின்றன. காது கேட்காதவர் பேச்சிலிருந்து ஒதுங்கி, அவரும் கடைசியில் ஒரு நாற்காலிக்கே வந்து சேருகிறார்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 65 வயதைக் கடந்தவர்களும் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசை வலுப் பயிற்சியும், மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்பதற்கான பயிற்சியும் செய்ய வேண்டும். இவற்றுக்குக் கருவிகள் எதுவும் வேண்டியதில்லை. நானும் அண்டை வீட்டுப் பெண்கள் சிலரும் ஓராண்டாகச் செய்வதைச் சொல்கிறேன். அதே பிளாஸ்டிக் நாற்காலியைச் சறுக்காதபடி சுவரோடு சேர்த்துப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, ஊன்றாமல் எழுந்து மெதுவாக உட்கார வேண்டும். பத்து முறை, சற்று இளைப்பாறி மீண்டும் பத்து முறை. பிறகு திண்ணைத் தூணைப் பிடித்துக் குதிகால்களை உயர்த்தி இறக்க வேண்டும். அதன்பின் தூணிலிருந்து கையை ஒரு விரல் தூரம் எடுத்து, ஒற்றைக் காலில் முடிந்தவரை நிற்க வேண்டும். தொடங்கியபோது மூன்று எண்ணுவதற்குள் தடுமாறியவர்கள் இப்போது இருபது வரை எண்ணுகிறார்கள். நெஞ்சுவலியோ மயக்கமோ உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்த பின்பே இதைத் தொடங்க வேண்டும்.

நாடு விடுதலை அடைந்த காலத்தில் இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32 ஆண்டுகள்; இன்று அது எழுபதை ஒட்டியிருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 10.4 சதவீதமாக இருந்த அறுபது வயதைக் கடந்தவர்களின் பங்கு, 2021-க்கான மதிப்பீட்டில் 13.6 சதவீதமாகக் கூடியிருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி மாத்திரை வருகிறது. படுத்துவிட்டவர்களுக்கு இயன்முறைச் சிகிச்சையும் வருகிறது. அதை மனமாரப் பாராட்டுகிறேன். அந்த இயன்முறை மருத்துவர், படுப்பதற்கு முந்தைய நிலையில் இருப்பவர்களையும் மாதம் ஒரு முறை ஊரில் ஓரிடத்தில் கூட்டி, யாருக்கு எந்தப் பயிற்சி ஏற்றது என்று சொல்லித்தர வேண்டும் என்பது என் முதல் வேண்டுகோள்.

இரண்டாவது வேண்டுகோள் அதற்கான இடத்தைப் பற்றியது. புயல் காலத்தில் மக்களைத் தங்க வைப்பதற்காகக் கட்டிய பாதுகாப்புக் கூடம் எங்கள் ஊரில் இருக்கிறது. சமமான தரை, நிழல், மின்விளக்கு, கைப்பிடியோடு கூடிய படிகள், உள்ளேயே கழிப்பறை என எல்லா வசதியும் அதில் உண்டு. புயல் இல்லாத நாளெல்லாம் பூட்டியே கிடக்கிறது. காலை 6 மணி முதல் 8 மணி வரை அதை முதியோருக்குத் திறந்துவிட்டால் போதும். சாவிக்கும் துப்புரவுக்கும் நான் பொறுப்பேற்கிறேன். இதுபோன்ற கூடங்கள் உள்ள மற்றக் கடற்கரை ஊர்களிலும் ஓய்வுபெற்ற செவிலியர்களோ ஆசிரியர்களோ இந்தப் பொறுப்பை ஏற்க முன்வருவார்கள் என்று நம்புகிறேன்.

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ஆம் தேதி தொடங்கி 61 நாள் நீடிக்கும். விசைப்படகில் போகும் மகன்கள் கரையில் இருக்கும் காலம் என்பதால், பெற்றோரைக் கையைப் பிடித்து அழைத்து வந்து விடுவதற்கு அதைவிட நல்ல பருவம் இல்லை. அதற்கு முன் கூடத்தைத் திறந்துவிட உரியவர்கள் ஆவன செய்ய வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். முதல் நாளிலேயே வருவதாக எங்கள் தெருவில் மட்டும் பதினேழு பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் மூத்தவருக்கு 81 வயது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
மண்டபம் வட்டாரம், இராமநாதபுரம் மாவட்டம்.