கூரை பெயர்ந்தது, புகார் முடிந்தது

வீட்டுவசதிப் புகார் மையத்தின் மேலதிகாரிகளுக்கு,

வணக்கம். நாகர்கோவிலில் உங்களுக்காக அழைப்பெடுக்கும் பெண்களில் ஒருத்தி எழுதுகிறேன். புகார் பதிவான 72 மணி நேரத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்ற கெடுவைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை, வகுத்தவர்கள் நீங்கள். கெடு நெருங்கும்போது வேலை அப்படியே கிடக்க, ஒப்பந்தக்காரர் புகாரை மட்டும் முடித்துவிடுகிறார் என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல.

போன திங்கட்கிழமை குளச்சல் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி அழைத்தார். 2004 சுனாமிக்குப் பிறகு கிடைத்த வீடு. கடற்காற்றின் உப்பு காங்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும்; துரு ஏறிய கம்பி பருத்து, மேலிருப்பதைப் பிளந்து தள்ளும். அவர் படுக்கிற பாய்க்கு நேர் மேலே முறத்தளவுக்குப் பெயர்ந்து விழுந்திருக்கிறது. அப்போது அவர் பால் வாங்கப் போயிருந்தார். இப்போது அடுப்பங்கரையில் படுக்கிறார்.

இதே கூரைக்காக அவர் கொடுத்தவை மூன்று புகார்கள். மூன்றுக்கும் 'தீர்வு காணப்பட்டது' என்று செய்தி போயிருக்கிறது. பேத்தி வாசித்துச் சொல்வாளாம். "சரியாகிவிட்டது என்று வருகிறதே மக்களே, நான் மேலே பார்த்தால் கம்பி தெரிகிறதே" என்றார். திரையில் ஒப்பந்தக்காரர் ஏற்றிய படத்தைப் பார்த்தேன். நீலச் சுவர். உங்கள் வீட்டுச் சுவர் என்ன நிறம் என்று கேட்டேன். பச்சை.

நான் சொல்ல வேண்டிய வாசகம் தாளில் அச்சடித்து ஒட்டியிருக்கிறது: "உங்கள் புகாருக்குத் தீர்வு காணப்பட்டதாகப் பதிவாகியுள்ளது." சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

புகாரை மூடுமுன் அந்த வீட்டில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும். இதுதான் என் கோரிக்கை. கேட்டு, அவர் சரி என்றால் மூடுங்கள். மூடிய புகாரை மறுபடி திறக்க எங்களுக்கு அதிகாரம் இல்லாததால் புது எண் போடுகிறோம். கெடு முதல் மணியிலிருந்து தொடங்குகிறது. இரண்டு பருவமழையும் வாங்குகிற மாவட்டம் இது. ஆனிச் சாரலில் கொடுத்த புகார் எண் மாறி எண் மாறி ஐப்பசி மழைக்கும் வந்து நிற்கிறது. உங்கள் மாத அறிக்கையில் மட்டும் ஒரு சொட்டும் ஒழுகுவதில்லை.

அந்த அழைப்பு பதினோரு நிமிடம் நீண்டது, அனுமதி நான்கு. மதிப்பெண் குறைந்தது. 'மேடம்' என்று சொல்லாமல் 'பாட்டி' என்றதற்கு இன்னொரு குறைப்பு. கழிப்பறைக்குப் போகும் நிமிடத்தைக்கூட எண்ணத் தெரிந்த கணினிக்குப் பச்சைச் சுவரையும் நீலச் சுவரையும் பிரித்தறியச் சொல்லிக்கொடுத்தால் நன்றாயிருக்கும்.

மன்னிக்கவும், சொல்ல வந்தது வேறு. அந்தப் பாட்டிக்கு நான்காவது எண் போட்டிருக்கிறேன். கெடு வியாழக்கிழமை மாலை நான்கு மணி. மூடுவதற்கு முன் அவரிடம் ஒருமுறை கேட்கும்படி ஒப்பந்தக்காரருக்கு உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். அவருக்கு நேரமில்லை என்றால் நானே கேட்கிறேன். நான்கு நிமிடத்துக்குள் முடித்துவிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் அழைப்பு மைய ஊழியர்