பாஸ்கருக்கு, சாய்மானம் பற்றி

கணபதி, கோயம்புத்தூர்

அன்புள்ள பாஸ்கரா,

உன் கடிதத்துக்குப் பதில் தாமதமாகிவிட்டது. சின்னவளுக்கு நிச்சயம் முடிந்தது, அந்த அலைச்சல்தான். மாப்பிள்ளை வீடு ஈரோடு பக்கம். கல்யாணம் தை மாதம். பத்திரிகை தனியாக வரும். நீயும் மாலதியும் முன்கூட்டியே வந்துவிட வேண்டும், மண்டப வாசலில் தலையைக் காட்டிவிட்டு ஓடுகிற கதை வேண்டாம்.

நீ ராயல் என்ஃபீல்டு மீட்டியர் 350 பைக் வாங்கியதை முருகேசன் சொன்னான். ஓய்வு பெற்றதும் எல்லோரும் நடைப்பயிற்சிக்குப் போனால் நீ வண்டிக் கடைக்குப் போயிருக்கிறாய், சந்தோஷம். ஆனால் முதுகு வலிக்கிறது, திருச்சி கடையில் ஒரு பேக்ரெஸ்ட் (முதுகுச் சாய்மானம்) காட்டினார்கள், "எவ்வளவு வெயிட்டும் தாங்கும்" என்கிறார்கள், வாங்கலாமா என்று கேட்டிருந்தாயே, அதற்கு நேராகச் சொல்கிறேன்: வாங்காதே. அதாவது, அதை வாங்காதே.

உன் பழைய புல்லட்டில் வராத வலி இதில் ஏன் வருகிறது என்பதை முதலில் பார். அதில் ஃபுட்ரெஸ்ட் ஏறக்குறைய உனக்குக் கீழேயே இருந்தது. குழி வந்தால் காலை ஊன்றிப் பின்புறத்தை லேசாகத் தூக்கிக்கொள்வாய். மீட்டியரில் கால் முன்னால் நீட்டி இருக்கிறது, அப்படித் தூக்க வராது. மொத்த எடையும் வால் எலும்பில் உட்கார்ந்துவிடுகிறது, அதற்கு மேல் உடம்பை நிமிர்த்திப் பிடிக்கிற வேலை முழுக்க இடுப்புத் தசைக்கு. வயிறு கொஞ்சம் முன்னால் இருக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு அந்தத் தசை சீக்கிரம் களைத்துப்போகும். அதனால் சாய்ந்துகொள்ள ஒன்று கேட்பது நியாயமான ஆசைதான். அமெரிக்காவில் ஹார்லி, கோல்ட் விங் மாதிரிப் பெரிய பைக் ஓட்டுகிறவர்களுக்கு இது பழைய சமாச்சாரம். நெடும்பயணம் போகிற பலர் ஓட்டுபவருக்கென்றே தனிச் சாய்மானம் வைத்திருப்பார்கள். நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது பின்னால் உட்காருபவருக்கானது. பஜாஜ் அவெஞ்சர் குரூஸ் பைக்கில் வருவதும் அந்த வகைதான்.

இப்போது எடைக் கணக்கு. நீ 120 கிலோ என்று வைத்துக்கொள்வோம் (கோபப்படாதே, மாலதி சொன்னதுதான்). இடுப்புக்கு மேலே இருக்கிற உடம்பு அதில் மூன்றில் இரண்டு பங்கு, ஏறக்குறைய 80 கிலோ. 15 டிகிரி பின்னால் சாய்ந்து உட்கார்ந்தால் சாய்மானத்தின் மேல் 20 முதல் 30 கிலோ விசை விழும். இவ்வளவுதானா என்று நினைக்காதே. அந்தப் பஞ்சு மெத்தையின் நடுப்பகுதி, அடியில் போல்ட் போட்ட இடத்திலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கிறது. 30 கிலோவை அந்த 30 செ.மீ. (0.3 மீட்டர்) உயரத்தால் பெருக்கு. போல்ட் இடத்தை வளைக்கிற திருப்புவிசை 9 (கிலோ × மீட்டர் கணக்கில்). இது சும்மா சாய்ந்திருக்கும்போது. குழியில் விழுந்தால், இல்லை சிக்னலில் சட்டென்று கிளப்பினால், இரண்டு மடங்குக்குத் தயாராக இருக்க வேண்டும்.

கடைச் சரக்கில் பெரும்பாலும் 40 மி.மீ. அகலம், 5 மி.மீ. கனத்தில் ஓர் எம்.எஸ். (மைல்டு ஸ்டீல், சாதாரண இரும்பு) பட்டையை வளைத்துக் கறுப்புப் பெயின்ட் அடித்திருப்பார்கள். போட்டுப் பார்த்தேன். அந்தத் திருப்புவிசைக்குப் பட்டையில் வருகிற தகைவு, அதாவது இரும்புக்குள் பரப்பளவுக்கு இவ்வளவு என்று விழுகிற விசை, 500 மெகா பாஸ்கலுக்கு மேல் போகிறது. சாதாரண எம்.எஸ். 250-இலேயே நிரந்தரமாக வளைந்துவிடும். அதாவது குழி தேவையில்லை, நீ நிம்மதியாகச் சாய்ந்தாலே போதும். அகலத்தை இரண்டு மடங்காக்கினால் பலம் இரண்டு மடங்குதான் கூடும். கனத்தை இரண்டு மடங்காக்கினால் நான்கு மடங்கு. நம் பாலிடெக்னிக் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேலைப் படுக்கவைத்தும் நிறுத்தியும் வளைத்துக் காட்டுவாரே வாத்தியார், அதே பாடம். 10 மி.மீ. கனம் போட்டால் சாய்வதற்குச் சரி, அதிர்ச்சிக்குப் போதாது. 12 போட்டால் இரண்டு மடங்கு அதிர்ச்சிக்கும் 190-ஐத் தாண்டாது. அரை அங்குல இரும்புக்கு எடை ஒரு கிலோ சொச்சம். உன் எடையில் அது ஒன்றுமே இல்லை.

ஆனால் பட்டையைவிட எனக்குப் பயம் அது எங்கே மாட்டப்படுகிறது என்பதில்தான். நீ அனுப்பிய போட்டோவில் அது சீட்டின் அடித்தட்டில் போல்ட் ஆகியிருக்கிறது. அடித்தட்டு உட்காருகிற எடையைத் தாங்கச் செய்தது, பின்பக்கம் இழுக்கிற விசையைத் தாங்கச் செய்ததல்ல. கொஞ்ச நாளில் போல்ட் ஓட்டை நீண்டு, ஆட்டம் வந்து, ஒருநாள் தட்டோடு பிய்ந்து வரும். அது நின்ற இடத்தில் நடந்தால் சிரிக்கலாம். காவிரிப் பாலத்தில் லாரியைத் தாண்டும்போது முதுகுக்குப் பின்னால் இருந்தது திடீரென்று இல்லாமல்போனால், நீ பிடிப்பதற்கு ஹேண்டில்பார்தான் இருக்கிறது. இரண்டு கையாலும் இழுப்பாய், ஆக்சிலேட்டரும் சேர்ந்து திரும்பும். பேக்ரெஸ்ட் உடைவதால் வருகிற ஆபத்து முதுகில் இல்லை, கையில்.

அதனால் ஃபிரேமிலிருந்துதான் எழும்ப வேண்டும். உன் வண்டியில் சீட்டு இரண்டு துண்டு. நடுவில் பட்டை மேலே வர வழி கிடைக்கும். ஃபிரேமில் வெல்டிங் வைக்கவே கூடாது. குழாயின் பலமும் போகும், ஏபிஎஸ் பிரேக், இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) எல்லாம் இருக்கிற வண்டியில் வெல்டிங் கரன்ட் வேண்டாத வம்பு. கிளாம்ப் போட்டு எம்8 (8 மி.மீ.) போல்ட், தலையில் 8.8 என்று பலத் தரம் பொறித்தது, அதிர்வில் கழலாத நைலாக் நட். இரண்டு போல்ட்டும் 3 செ.மீ. இடைவெளியில் இருந்தால் ஒவ்வொன்றிலும் 300 கிலோ இழுப்பு, 8 செ.மீ. தள்ளி வைத்தால் ஏறக்குறைய 110-க்கு இறங்கிவிடும். காசு செலவில்லாத பாதுகாப்பு, ஆனாலும் யாரும் செய்வதில்லை.

முன்னால் மடங்குகிற கீல் வைத்துக்கொள். உனக்குக் காலைத் தூக்கிப் போட அது கட்டாயம் வேண்டும், ஏறும்போது பூட்ஸ் மாட்டி வண்டியோடு சாய்ந்தவர்களைப் பட்டறையில் பார்த்திருக்கிறேன். கீலில் ஒரே விஷயம்: சாயும்போது எடை ஸ்பிரிங் பின்னில் நிற்கக் கூடாது, கனமான ஒரு தடுப்புத் தட்டில் போய் முட்டி நிற்க வேண்டும். ஸ்பிரிங் பின் தேயும், தட்டு தேயாது.

மெத்தை இடுப்பு வளைவில் உட்கார வேண்டும், தோள்பட்டைக்கு ஏறவே கூடாது. உயரமானால் திரும்பிப் பார்ப்பதும் கஷ்டம், திருப்புவிசையும் கூடும். பின்பக்கமும் ரெக்சின் போட்டு உருட்டிவிடச் சொல். பிரேக் போட்டால் மாலதி முன்னால் வந்து மோதுவது அதில்தான். அவளிடம் சொல்லிவை, அதைப் பிடித்துக்கொண்டு ஏறக் கூடாது. பின்னால் உட்காருபவருக்கு நிலையான கைப்பிடி இருக்க வேண்டும் என்று மோட்டார் வாகன விதியே சொல்கிறது, 1989 விதிகளில் 123-ஆவது. அதைப் பிடிக்கட்டும்.

இன்னொன்று, இதற்கெல்லாம் முன்னால் செய்ய வேண்டியது. பின் ஷாக்கில் ஆறு படி பிரீலோடு (ஸ்பிரிங்கை முன்கூட்டியே இறுக்கிவைக்கிற அமைப்பு) இருக்கிறது. ஷோரூமில் விட்ட படியிலேயே ஓட்டுகிறாய் என்று பந்தயம் கட்டுகிறேன். உன் எடைக்கு அது குழியில் அடிவரை போய் இடிக்கும், அந்த இடி நேராக முதுகெலும்புக்கு. ஏற்றிவிட்டு இரண்டு வாரம் ஓட்டிப் பார். டயர் காற்றையும் வண்டிக் கையேட்டில் இருவர் போகப் போட்டிருக்கிற அளவுக்கு வை. மொத்தம் எவ்வளவு ஏற்றலாம் என்பதும் அங்கேயே இருக்கும். நீ, மாலதி, பெட்டி, இந்த இரும்பு எல்லாம் சேர்த்துத்தான் அந்தக் கணக்கு. பாதி வலி இதிலேயே போகலாம். காலில் மரத்துப்போவது மாதிரி ஏதாவது இருந்தால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு டாக்டரிடம் போ, அது வண்டிப் பிரச்சினை இல்லை.

சாய்மானம் வந்த பிறகும் நாள் முழுக்க அதில் படுத்துக்கொண்டு ஓட்டாதே. நேர் ரோட்டில் சாய், வளைவிலும் ஊருக்குள்ளும் முன்னால் வந்து உட்கார். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவிலும் சாய்ந்தபடி போக நினைத்தால் நான் செய்துதர மாட்டேன்.

ஆமாம், நான்தான் செய்யப்போகிறேன், அதாவது என் பையன். அவன் பட்டறையில் பட்டை வளைக்கிற பிரஸ் இருக்கிறது. செய்ததும் வண்டியை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, தொங்கு தராசு கட்டி 60 கிலோ பின்னால் இழுப்போம். விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பினால் உன்னிடம் தருவேன். போல்ட் தலையில் வெள்ளைக் கோடு போட்டுத் தருகிறேன், கோடு விலகினால் போல்ட் தளர்ந்தது என்று அர்த்தம். வண்டி கழுவும்போது சாய்மானத்தின் வெல்டிங் ஓரத்தில் துருக்கோடு தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும், விரிசல் முதலில் அப்படித்தான் முகம் காட்டும்.

முருகேசனுக்குக் கண் ஆபரேஷன் நன்றாக முடிந்தது. வெள்ளிக்கிழமை பார்த்தேன், நான் கிழவனாகிவிட்டேன் என்கிறான், இப்போதுதான் தெளிவாகத் தெரிகிறதாம்.

எனக்கு இரண்டு அளவு அனுப்பு: நீ உட்கார்ந்திருக்கும்போது சீட்டிலிருந்து பெல்ட்டின் மேல் விளிம்பு எவ்வளவு உயரம், உன் முதுகுக்கும் பின் சீட்டின் முன்விளிம்புக்கும் எவ்வளவு இடைவெளி. மாலதியை வைத்து அளக்கச் சொல், நீயே அளந்தால் மூச்சை உள்ளே இழுத்துக்கொள்வாய். கல்யாணத்துக்கு ரயிலில் வந்துவிடு. அது முடிந்து பையன் ஓய்வானதும் கரூர், காங்கேயம் வழியாக வண்டியை எடுத்து வா. ஒருநாள் பட்டறையில் விட்டால் போதும்.

அன்புடன்,
சண்முகம்