சிறை மருத்துவத்தைச் சுகாதாரத் துறையிடம் ஒப்படைக்கக் கோரும் மனு

பெறுநர்:
மாண்புமிகு சுகாதாரத் துறை அமைச்சர் அவர்கள்

பொருள்: சிறைவாசிகளுக்குப் பொது மருத்துவமனைக்கு நிகரான சிகிச்சை வழங்கக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கு,

எங்கள் வீட்டார் சிறையில் இருக்கிறார்கள். அவர்கள் மீதான வழக்குகளைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. அது நீதிமன்றத்தின் வேலை. நாங்கள் முறையிடுவது அவர்களுக்குக் கிடைக்காத மருத்துவத்தைப் பற்றி.

சிறை மருத்துவர் ஸ்கேன் எடுக்கச் சொல்லிப் பெரிய மருத்துவமனைக்குச் சீட்டு எழுதுகிறார். குறித்த தேதியில் வழிக்காவலுக்கு ஆள் இல்லை, பந்தோபஸ்துக்குப் போய்விட்டார்கள். அடுத்த தேதி வாங்க வேண்டும். அன்றைக்கும் ஆள் கிடைத்தால்தான் உண்டு. வயிற்றில் வளரும் கட்டிக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தாலும் பரிசோதனை அறைக்குள்ளேயே காவலர் நிற்கிறார். ஒரு பெண் தன் உபாதையை அவர் காதுபட எப்படிச் சொல்வார்?

சிறைவாசிகளை எப்படி நடத்த வேண்டும் என்பதற்காக ஐ.நா. பொதுச்சபை 2015 டிசம்பரில் ஏற்ற நெல்சன் மண்டேலா விதிகள் இதில் தெளிவாகவே இருக்கின்றன. வெளியில் உள்ளவர்களுக்குக் கிடைக்கும் அதே தரத்தில், கட்டணமின்றிச் சிகிச்சை தர வேண்டும் என்கிறது 24ஆவது விதி. மருத்துவர் எடுத்த முடிவைச் சிறை அலுவலர் மாற்றவோ புறக்கணிக்கவோ கூடாது என்கிறது 27ஆவது விதி. நடப்பில், வேன் இருக்கிறதா இல்லையா என்பதே முடிவு செய்கிறது. நார்வே 1988இலும் பிரான்ஸ் 1994இலும் சிறை மருத்துவத்தைப் பொதுச் சுகாதார அமைப்பிடம் மாற்றிவிட்டன. ஆகாத காரியமொன்றை நாங்கள் கேட்கவில்லை.

விடுதலையாகும் நாளையும் கவனிக்க வேண்டுகிறோம். காசநோய்க்கு வழக்கமாக ஆறு மாதம் மருந்து எடுக்க வேண்டும். பாதியில் விட்டால் அது மருந்துக்கு அடங்காத காசநோயாக மாறக்கூடும். ஜாமீன் உத்தரவு மாலையில் வருகிறது, இரவோடு இரவாக வெளியே அனுப்புகிறார்கள். கையில் மாத்திரையும் இல்லை, சிகிச்சைக் குறிப்பும் இல்லை. அந்த இருமலோடு அவர் ஏறுவது ஊரே ஏறும் பஸ்ஸில்தான்.

ஆகவே, சிறை மருத்துவர்களையும் மருந்து வழங்கலையும் தங்கள் துறையின் பொறுப்பில் கொண்டுவர வேண்டுகிறோம். மருத்துவமனைப் பயணத்துக்கென்றே தனிக் காவலர்களையும் வாகனத்தையும் ஒதுக்க உள்துறையிடம் தாங்கள் பேச வேண்டும். காவலர் அறைக்கு வெளியே நிற்க உத்தரவிட வேண்டும். விடுதலையாகிறவர் கையில் ஒரு மாத மருந்தும், வீட்டுக்கு அருகிலுள்ள சுகாதார நிலையத்துக்கான கடிதமும் இருக்க வேண்டும். நிர்வாக மாற்றத்துக்குக் காலம் பிடிக்கும் என்பது புரிகிறது. கடைசி இரண்டு கோரிக்கைகளுக்கும் ஒரு சுற்றறிக்கை போதும். அதை உடனே பிறப்பித்து, மற்றவற்றின் மீது எடுக்கும் நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சிறைவாசிகளின் குடும்பத்தினர்