வீட்டுக்கார ஆச்சிக்கும் சபையாருக்கும்

கர்த்தருக்குள் அன்பானவர்களே,

மகன் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து இன்றோடு மூன்று நாள். நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

நான் ஜெபித்தேன் என்று சொன்னால் பொய். முதல் வாரத்திலேயே வாய் அடைத்துவிட்டது. நீங்கள்தான் தினமும் மாலை 7 மணிக்கு வந்து பாய் விரித்தீர்கள். நாலு பேர் சுமந்து வந்த திமிர்வாதக்காரனை, கைகால் முடங்கியவனைப் பற்றி மாற்கு தன் சுவிசேஷத்தில் எழுதும்போது, இயேசு ‘அவர்கள்’ விசுவாசத்தைக் கண்டார் என்கிறார். அந்தச் சொல் எனக்காகவே எழுதியதுபோல் இருக்கிறது. மூன்றாம் வாரம் எல்லோருக்கும் அசதி. 1727-இல் ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் மொரேவியர்கள் என்ற சபையார் ஆளுக்கு ஒரு மணி நேரம் என்று முறைவைத்துத் தொடங்கிய ஜெபம் நூறாண்டு கடந்து நீடித்ததைப் போதகர் சொன்னார். "நாம் ஒரு மாதம்கூடத் தாங்க மாட்டோமா?" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது. அந்தக் குரலுக்குத் தனி நன்றி.

ஆனால் நான் அதிகம் எழுத வேண்டியது வீட்டுக்கார ஆச்சியைப் பற்றி. அவர்கள் வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியில் குடியிருக்கும் நாங்கள் இரவில் பாடுவது அவர்களுக்குத் தொந்தரவு என்றே நினைத்திருந்தேன். மன்னிப்புக் கேட்கப் போனபோதும் ஆச்சி ஒன்றும் சொல்லவில்லை.

33-ஆம் நாள் அடைமழை. மின்சாரம் இல்லை. யாரும் வர முடியவில்லை. முற்றத்துத் தண்ணீரில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, டார்ச் விளக்கோடு ஆச்சி வந்தார்கள். "இரண்டு பேராவது கூட வேண்டும் என்று உங்கள் போதகர் ஐயா தினமும் சொல்கிறாரே. நான் வந்திருக்கிறேன், படி" என்றார்கள்.

வேதத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 12-ஆம் அதிகாரம் வாசித்தேன். கை நடுங்கி, வெளிச்சம் வரிவிட்டு வரி தாவியது. இயேசுவின் சீடன் பேதுரு சிறையிலிருந்து வந்து கதவைத் தட்டுகிறான். ரோதை என்ற பெண் சந்தோஷத்தில் திறக்காமலே உள்ளே ஓடுகிறாள். அவனுக்காக உள்ளே ஜெபித்துக்கொண்டிருந்தவர்கள் அவளைப் பைத்தியம் என்கிறார்கள். ஆச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. "கேட்டதும் அவர்கள், நம்பாததும் அவர்களா? பாவம், மனிதன் தெருவில் நிற்கிறானே! முதலில் கதவைத் திறக்கச் சொல்." அத்தனை நாளில் அன்றுதான் சிரித்தேன்.

ஏழு நாள் கழித்து, விடியற்காலையில் என் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்து, மகன் தேறிவிட்டான் என்றார். நானும் நம்பவில்லை. "யாருக்குப் பதில் யாரைச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டு வைத்துவிட்டேன். அவர் மறுபடியும் அழைக்க வேண்டியிருந்தது.

இரத்தம் கொடுத்த கல்லூரிப் பிள்ளைகள், சாப்பாடு சுமந்த பெண்கள் ஐக்கியத்தார், தேவகோட்டை, கோட்டையூர் விசுவாசிகள், ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்கு நடந்து போன கத்தோலிக்கத் தோழி: ஒவ்வொருவர் வீட்டுக்கும் வருவேன், கொஞ்சம் பொறுங்கள்.

வெள்ளிக்கிழமை முதல் மாலை 7 மணிக்குப் புதுவயலில் ஒரு வீட்டில் ஜெபத்துக்குக் கூடுகிறோம். எத்தனை நாள் என்று கணக்கு வைக்கப்போவதில்லை. டார்ச்சைத் திருப்பிக் கொடுக்கப் போனேன், ஆச்சி வாங்கவில்லை. புது பாட்டரி போட்டு வாசலருகே வைத்திருக்கிறேன்.